வாசல் சரிவுக்கு மேல்பூச்சு மருந்தாகாது: சேத்தியாத்தோப்புக் கொத்தனார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேஸ்திரிகளே, கொத்தனார் தம்பிகளே, அவர்களுக்குக் கலவை சுமக்கும் சித்தாள் தங்கைகளே,



இந்த மார்கழியில் எங்கள் அக்கா வீட்டு வாசலில் கோலம் இல்லை. போன ஐப்பசியில் ஒரு நாள், இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. வாசல் பெருக்கத் துடைப்பத்தோடு இறங்கிய அக்கா, கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே வண்டி ஏற்றுவதற்காகப் போட்டிருந்த சரிவில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவளுக்கு வயது அறுபத்தெட்டு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரை வருகிறாள், தெருவைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள், திரும்பிப் போய்விடுகிறாள்.

அந்தச் சரிவை ஆறு வருஷத்தில் மூன்று முறை ரிப்பேர் செய்திருக்கிறோம். மூன்று முறையும் ஒரே வைத்தியம்தான். பெயர்ந்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டி, தண்ணீர் தெளித்து, மேலே அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ பூச்சு. கடைசித் தடவை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஈரப்பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவி, கரண்டியால் கண்ணாடி போலத் தேய்த்துவிட்டார்கள். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் அப்பா இந்த ஊரில் கொத்தனார். நான் ஓவர்சியராகி, முப்பது வருஷம் கல்வெர்ட்டும் கால்வாயும் கட்டுகிற இடங்களில் நின்று ஓய்வு பெற்றவன். அன்றைக்கு “இது நிற்காது, வழுக்கும்” என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன். பூசியவரைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வேலையை அவர் செய்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், சாயங்காலம் நம் ஊர்த் தெருக்களில் நடந்து பார்த்தேன். வீட்டுக்கு வீடு ஒரு சரிவு இருக்கிறது. பாதிக்கு மேல் உடைந்திருக்கிறது. உடைந்ததில் பெரும்பாலும் பூச்சின் மேல் பூச்சு. சில இடங்களில் விளிம்பைப் பார்த்தால் பழைய பூச்சுகளை வரிசையாக எண்ணலாம். இத்தனை வேலையும் உங்கள் கையால் நடந்தது. இனி நடக்கப்போவதும் உங்கள் கையால்தான். அதனால்தான் பேரூராட்சிக்கோ பொறியாளர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நம் மண்ணைப் பற்றி. வெள்ளாற்றுக்கும் வீராணம் ஏரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. சுற்றிலும் நெல் விளைகிற களி. சித்திரை, வைகாசியில் வயலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிற மண், ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் குடித்து உப்புகிறது. இந்த மண் வருஷா வருஷம் மூச்சு விடுகிறது என்று அப்பா சொல்வார். அதன் மேல் உட்கார்ந்த எதுவும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கத்தான் செய்யும். வீட்டுக்கு ஆழமாக அஸ்திவாரம் இருக்கிறது, அது தப்பித்துக்கொள்கிறது. வாசல் சரிவுக்கு என்ன இருக்கிறது? அஸ்திவாரத்துக்குத் தோண்டிய களியையும் இடித்த கட்டடத்துச் செங்கல் துண்டுகளையும் கொட்டி, காலால் மிதித்து, மேலே மூன்று அங்குலக் கான்கிரீட். அவ்வளவுதான்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சரிவுகளுக்கு இரண்டு கால். மேல்பாதி வீட்டு மண்ணில் நிற்கிறது, கீழ்பாதி தெருச் சாக்கடையின் சுவரிலும் மூடியிலும் நிற்கிறது. சாக்கடைச் சுவர் அசையாது. வீட்டு மண் அசையும். ஒரு கால் நின்றுகொண்டு ஒரு கால் நடந்தால் நடுவில் என்ன ஆகும்? தெருவில் போய்ப் பாருங்கள், பத்துச் சரிவில் ஏழெட்டில் வெடிப்பு ஒரே இடத்தில்தான் இருக்கும். சாக்கடைச் சுவருக்கு நேர் மேலே, குறுக்காக. சிமெண்ட் கம்பெனியை மாற்றினாலும் அந்த வெடிப்பு அங்கேதான் வரும். அதைப் பூசி மறைக்கக் கூடாது. அந்த இடத்தில் நாமே நேராக வெட்டி, ஒரு இணைப்பாக விட்டு, தார் அட்டையோ தெர்மக்கோல் பட்டையோ வைத்துவிட்டால் இரண்டு பாதியும் தனித்தனியாக அசைந்துகொள்ளும். சரிவு வீட்டுச் சுவரையோ கேட் தூணையோ தொடுகிற இடத்திலும் இதே போல ஓர் இடைவெளி வேண்டும்.

அடுத்தது தெரு மட்டம். தார் ரோட்டின் மேலேயே தார் ரோடு போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்ந்துவிட்டன. வீடு தாழ்ந்துவிடுமோ என்று பயந்து புதிதாகக் கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தை இன்னும் உயர்த்துகிறார்கள். அடுத்த ரோடு, அடுத்த உயரம். வெ. இறையன்பு தலைமைச் செயலாளராக வந்த 2021 மே மாதத்திலேயே, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. தெருவில் ரோடு போட வரும்போது அதைக் கேட்டு நிற்க வேண்டியது வீட்டுக்காரர்கள். ஆனால் ஏற்கெனவே உயர்ந்துவிட்ட உயரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியது நீங்கள். இந்த மல்லுக்கட்டு இனி கூடத்தான் செய்யும். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரையான நான்குவழிச் சாலை வேலையை மூன்று பகுதியாகப் பிரித்தபோது, முதல் பகுதி முடிகிற இடமும் இரண்டாம் பகுதி தொடங்குகிற இடமும் நம் சேத்தியாத்தோப்புதான். இனி இங்கே வீடும் கடையும் பெருகும், வண்டிகள் பெருகும். சரிவு போடும் வேலை உங்களுக்குக் குறையாது.

அக்கா வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். தெருவுக்கும் வாசலுக்கும் உயர வித்தியாசம் ஒன்றேமுக்கால் அடி. சரிவின் நீளம் எட்டடி. ஒரு அடி ஏறுவதற்கு நாலரை அடி ஓட்டம்தான் கிடைக்கிறது. வண்டி சுகமாக ஏற வேண்டுமென்றால் ஒரு அடிக்கு எட்டடி ஓட்டம் வேண்டும், அதாவது பதினான்கு அடி. சக்கர நாற்காலிக்கு அரசு வகுத்த அணுகல் நெறிமுறைகள் 1-க்கு 12 என்று சொல்கின்றன. அந்தக் கணக்கில் இருபத்தொரு அடி. நம் தெருக்களில் அவ்வளவு இடம் ஏது என்று கேட்பீர்கள். தெருவில் இல்லைதான். தெருப் பக்கம் நீட்டினால் சாக்கடையை அடைத்து, நடப்பவர்களைத் தெருவின் நடுவுக்குத் தள்ளி, கடைசியில் ஒருநாள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்படும். நீட்ட வேண்டியது உள்பக்கம். கேட்டுக்கு உள்ளே போர்டிகோவில் ஆறடியைச் சரிவுக்குக் கொடுத்தால் எட்டும் ஆறும் பதினான்கு. போர்டிகோ தரை கொஞ்சம் சாய்வாக இருக்கும், வண்டியை நிறுத்தும்போது ஸ்டாண்டு போடும் இடத்தை மட்டும் மட்டமாக வைத்துக்கொள்ளலாம். நடக்கிறவர்களுக்கு ஓரமாக ஏழு அங்குலத்தில் மூன்று படி, ஒரு கைப்பிடிக் குழாய். ஒன்றேமுக்கால் அடிக்கு மூன்று படி சரியாக வரும். இந்தக் கைப்பிடி ஒன்று இருந்திருந்தால் அக்கா அன்று விழுந்திருக்க மாட்டாள் என்று நினைக்காத நாள் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட்டு, “வாசல்ல கொஞ்சம் பேந்திருக்கு, ஒரு மூட்டை சிமெண்ட்ல முடிச்சுக் கொடுங்க” என்கிறார். கரண்டியை எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் செலவழித்துச் சில காரியங்கள் செய்யுங்கள். சுத்தியலின் பிடியாலோ ஒரு கம்பித் துண்டாலோ சரிவு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் ஒரு சத்தம் தரும், உள்ளே காற்று இருக்கும் இடம் பானையைத் தட்டினது போல ஒலிக்கும். உங்கள் காதுக்கு இது தெரியும், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பானைச் சத்தம் வருகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். பெயர்ந்தது ஒரு சாண் இருக்கும், வட்டம் பாதிச் சரிவுக்கு வந்திருக்கும். அதை அவர் கண்ணால் பார்த்த பிறகு பேச்சே மாறிவிடும்.

பிறகு இரண்டு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றி, அது எந்த வழியாக ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எந்த வெடிப்புக்குள் காணாமல் போகிறது என்று பாருங்கள். காணாமல் போகிற தண்ணீர்தான் முழு வியாதியும். மாடித் தண்ணீர்க் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். பல வீடுகளில் மாடி மழை முழுவதும் ஒரு மூன்றங்குலக் குழாய் வழியாகச் சரிவின் தலையில்தான் விழுகிறது. அக்கா வீட்டிலும் அப்படித்தான். ஓரங்களில் குனிந்து பாருங்கள். பக்கச் சுவர் இல்லாத சரிவில் மழைத் தண்ணீர் ஓரமாக ஓடி அடிமண்ணை அரித்து எடுத்துவிடும், எலியும் நண்டும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேலே கான்கிரீட் பலகை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதன் மேல் கார் ஏறினால் உடையாமல் என்ன செய்யும்?

அப்படி அடி போயிருந்தால் உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேலே எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் அது வெற்றிடத்தின் மேல் போட்ட கலவை. உடைத்தபின் அடியில் இருக்கும் களியை ஒரு அடி ஆழத்துக்காவது வெட்டி வெளியே போடுங்கள். கிராவல் கொட்டி, ஆறங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரே மூச்சில் இரண்டடி கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி இறுகாது. திமிசுக் கட்டை இப்போது பல பேரிடம் இல்லை என்று தெரியும். வாடகைக்கு மெஷின் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஒரு பெரிய கல்லுக்குக் கைப்பிடி கட்டி இடித்தாலும் சரிதான். காலால் மிதிப்பது மட்டும் வேண்டாம்.

சரிவின் கீழ் முனையில் குறுக்காக ஒரு முக்கால் அடி ஆழம் தோண்டி, கான்கிரீட்டை அங்கே தடிப்பாக இறக்குங்கள். சரிவுக்கு அது கால். கால் இல்லாத சரிவு வண்டி பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவு கீழே நகர்கிறது. வீராணத்தின் கரையில் தண்ணீர்ப் பக்கம் கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் எடுத்த கரை அது. கரையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் அடியைக் காப்பாற்ற வேண்டும் என்பதை ஏரிக்காரர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். நம் வாசலில் இருப்பதும் ஒரு சின்னக் கரைதான்.

அடி கெட்டியாக இருந்து மேல் மட்டும் பெயர்ந்திருந்தால் ஒட்டுப்போடலாம். இங்கேதான் மேல்பூச்சுப் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. விருத்தாசலத்துக்காரர்களை உதாரணம் காட்டுகிறேன். மேற்கே கொஞ்ச தூரம் போனால் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அந்தத் தொழிலுக்கென்றே அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கும் ஊர். உங்களில் சில பேருடைய உறவுக்காரர்கள் அங்கே பொம்மைப் பட்டறைகளில் வேலை பார்த்திருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், ஒரு கோப்பைக்குக் காது எப்படி ஒட்டுவது என்று. காதின் முனையையும் கோப்பையின் பக்கத்தையும் முதலில் கீறிவிடுவார்கள். அதே களிமண்ணைக் கூழாகக் கரைத்து இரண்டு கீறலிலும் தடவுவார்கள். அழுத்தி ஒட்டுவார்கள். கோப்பை காய்ந்தும் காது ஈரமாகவும் இருந்தால் ஒட்டவே மாட்டார்கள். ஒட்டினால் ஈரமான துண்டு காயும்போது சுருங்கி, சேர்ந்த இடத்திலேயே விட்டுப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒட்டியபின் வெயிலில் வைக்க மாட்டார்கள். நிழலில், மெதுவாக.

கான்கிரீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். பழைய கான்கிரீட் காய்ந்த கோப்பை, புதுக் கலவை ஈரக் காது. பழையது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், புதியது சுருங்கும், நடுவில் விட்டுப்போகும். ஆகவே பெயர்ந்த இடத்தைச் சுற்றிக் கட்டிங் மெஷினால் சதுரமாக நேர்க்கோடு வெட்டி, உள்ளே இரண்டு அங்குல ஆழத்துக்காவது கொத்தி எடுங்கள். ஓரம் தகடு மாதிரி மெலிந்து முடிந்தால் முதல் மாதமே பிய்ந்து வரும், எனவே ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் கூட்டினால் போதாது, தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முதல் நாள் இரவே ஈரச் சாக்கு போட்டு ஊறவிடுங்கள். மறுநாள் குழியில் தண்ணீர் தேங்கி நிற்காமல், ஆனால் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது, சிமெண்டைக் கூழாகக் கரைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துத் தடவுங்கள். அது காய்வதற்குள் கலவையைப் போட்டு இடித்து நிரப்புங்கள். கூழ் காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கிற வேலையைச் செய்யும். கடையில் லேடெக்ஸ் என்று பால் போல ஒரு திரவம் விற்கிறார்கள், அதைக் கூழில் கலந்தால் பிடிப்பு கூடும். ஆனால் கொத்தாமல், கழுவாமல் அதை ஊற்றிப் பயன் இல்லை.

கலவையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எதுவும் நான் சொல்லப்போவதில்லை. ஒரு சட்டி சிமெண்டுக்கு ஒன்றரைச் சட்டி எம்-சாண்ட், மூன்று சட்டி முக்கால் ஜல்லி. மீதமிருக்கிற பூச்சு மணலை இதில் தள்ளிவிடாதீர்கள். பொடி அதிகமான மணல் தண்ணீரை அதிகமாகக் கேட்கும், காய்ந்ததும் மேலே மாவாக உதிரும். கனம் காருக்கும் பைக்குக்கும் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நெல் மூட்டையோடு டிராக்டர் ஏறுகிற வீடென்றால் ஆறு அங்குலம்.

தண்ணீர் விஷயத்தைச் சித்தாள் தங்கைகளிடம் சொல்கிறேன். “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்று கேட்கும்போது குடத்தைச் சாய்ப்பது உங்கள் கைதான். ஒரு மூட்டைக்கு 25 லிட்டரில் தொடங்குங்கள், 30-ஐத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய இரண்டு குடம். சரிவில் போடுகிற கலவை உருண்டை பிடித்தால் நிற்கிற பதத்தில் இருக்க வேண்டும். இளகினால் ஜல்லி கீழே இறங்கிவிடும், மேலே வெறும் சாந்து மிஞ்சும். கீழ் முனையில் ஆரம்பித்து மேல் நோக்கிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் மேலே விழுவது கீழே இருப்பதை அழுத்தி இறுக்கும். மேலிருந்து கீழே வந்தால் கலவை தன் பாரத்திலேயே இழுபட்டு, ஈரத்திலேயே வெடிப்பு விடும்.

தண்ணீர் கட்டுவதில்தான் சரிவு மற்ற தரையிலிருந்து வேறுபடுகிறது. மொட்டை மாடியில் பாத்தி கட்டி நிறுத்தலாம், சரிவில் நிறுத்த முடியாது. ஊற்றியது அப்படியே தெருவுக்குப் போய்விடும். வைக்கோல் பரப்பி நனையுங்கள், நம் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அல்லது ஈரச் சாக்கு. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அந்தச் சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், அதற்கு 10 நாள் ஈரம் வேண்டும். இந்தியத் தர விதி 456 சொல்கிற கணக்கு இது. மூன்றாம் நாளே பைக்கை ஏற்றிப் பார்க்கிற வீட்டுக்காரரைக் கொஞ்சம் கண்டித்துத்தான் வைக்க வேண்டும்.

சாக்கு என்றதும் இன்னொன்று. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் நம்முடையது. சர்க்கரை வந்த சாக்கைத் துவைக்காமல் ஈரக் கான்கிரீட்டின் மேல் போட்டுவிடாதீர்கள், சர்க்கரை இருந்த வாளியில் தண்ணீர் மொள்ளாதீர்கள். சிமெண்டுக்குச் சர்க்கரை ஆகாது. ஒரு மூட்டைச் சிமெண்டில் 25 கிராம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது நாலு மணி நேரம் தள்ளிப்போகும், அரைக் கிலோ சேர்ந்தால் இறுகவே இறுகாது. “என்ன சிமெண்டோ, மறுநாளும் ஈரமாவே இருக்கு” என்று ஒரு வீட்டில் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்கை முகர்ந்து பார்த்தால் விஷயம் தெரிந்தது.

இப்போது மேற்பரப்பு. அக்காவை வீழ்த்தியது இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடி போலத் தேய்ப்பது சமையல் மேடைக்கு அழகு, வாசல் சரிவுக்கு ஆபத்து. வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்தால் மேலே ஒரு மெல்லிய தோல் உண்டாகிறது. மழையில் வழுக்குகிறது, வெயிலில் மயிரிழை வெடிப்பு விடுகிறது, பிறகு அதுதான் முதலில் உரிகிறது. மரக்கட்டையால் தேய்த்துச் சொரசொரப்பாக விடுங்கள். அது இறுகத் தொடங்கும்போது கயிற்றையோ கம்பியையோ அழுத்தி வரி போடுங்கள். வரிகளை ஓட்டத்துக்கு நேர் குறுக்காகப் போட்டால் சக்கரத்துக்குப் பிடிப்பு, ஆனால் வரிக்குள் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். மீன் முள் மாதிரி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சாய்த்துப் போடுங்கள். தண்ணீரும் ஓரத்துக்குப் போய்விடும், காலுக்கும் பிடி கிடைக்கும். அப்பா ஒரே அளவில் வெட்டிய இரண்டு தென்னங்கயிற்றை வைத்து இந்த மீன் முள்ளை இழுப்பார். கால் நூற்றாண்டு கழித்தும் அந்த வரிகள் ஒரு வீட்டு வாசலில் தெரிந்தன. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்.

வழவழப்பான டைல்ஸைச் சரிவில் ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பீங்கானின் மேல் இருக்கும் பளபளப்பு கண்ணாடிக்குச் சமம். அது சுவருக்கும் பாத்திரத்துக்கும் உரியது. வீட்டுக்காரர் டைல்ஸ்தான் வேண்டும் என்றால் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் இருக்கிறது. பேவர் பிளாக் போட்டால் கீழ் முனையிலும் பக்கங்களிலும் கான்கிரீட் விளிம்பு கட்டாமல் போடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் வரிசை கலைந்து இறங்கிவிடும். பாசி பிடித்த சரிவை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கமும் நிற்க வேண்டும். ஆசிட் பாசியோடு சிமெண்டையும் தின்னும். பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நார்ப் பிரஷ்ஷும் போதும்.

தண்ணீருக்கு ஒரு வழி வைக்காமல் இவ்வளவும் செய்து பயன் இல்லை. மாடிக் குழாயைத் திருப்பி ஓரமாக இறக்குங்கள். வீடு உயரமாக இருந்தால் சரிவின் தலையில், தெரு உயரமாகி வீடு பள்ளத்தில் இருந்தால் சரிவின் அடியில், கேட்டை ஒட்டிக் குறுக்காக நாலங்குல அகலத்தில் ஒரு சின்னக் கால்வாய், மேலே இரும்புக் கம்பிச் சட்டம். பள்ளத்து வீடுகளுக்கு அது இல்லையென்றால் தெருத் தண்ணீர் முழுவதும் கூடத்துக்குள் வந்துவிடும். 2015 நவம்பர் வெள்ளத்தை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தெருச் சாக்கடையின் மேல் சரிவு போகும் இடத்தில் தூக்கி எடுக்கிற மாதிரி மூடிப் பலகையாகப் போடுங்கள். ஒரே கட்டியாக ஊற்றி மூடிவிட்டால் தூர் வாருகிறவர் உள்ளே கை நுழைக்க வழி இருக்காது, ஒருவர் வாசலில் அடைத்த தண்ணீர் பத்து வீடு தள்ளி ஏறும்.

எப்போது செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் களி சுருங்கி வெடித்துக் கிடக்கும்போது அதன் மேல் கான்கிரீட் போட்டு மூடினால், மழை வந்ததும் உப்பி மேலே தூக்கும். அடைமழையில் செய்ய முடியாது. மழை ஓய்ந்து, மண் பதமாக இருக்கும் தை, மாசிதான் சரியான காலம். வீட்டுக்காரர்களுக்குச் சரிவின் ஞாபகம் வருவது மழைக்கு முந்தின வாரம். அப்போது வேறு வழியின்றி ஒரு பூச்சு. அடுத்த தைக்கு வருகிறேன் என்று நீங்களே தேதி போட்டுக் கொடுங்கள்.

கூலியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிப்பது நியாயமில்லை. உடைப்பதும் மண்ணை மாற்றுவதும் மூன்று நாள் வேலை. பூசுவது அரை நாள் வேலை. வீட்டுக்காரர் அரை நாள் கூலியைத்தான் மனசில் வைத்திருக்கிறார். நீங்கள் மறுத்தால் அடுத்த தெருவில் வேறு ஒருவர் பூசிவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது, அது பொய்யான பயம் இல்லை. அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். பானைச் சத்தம் வருகிற சரிவில் மேல்பூச்சு போட மாட்டோம் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னால், வீட்டுக்காரர்கள் வழிக்கு வருவார்கள். ஆறு வருஷத்தில் மூன்று பூச்சுக்கு நாங்கள் கொடுத்த கூலியையும் சாமானையும் கூட்டிப் பார்த்தேன். முதல் தடவையே உடைத்துச் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவு ஏறக்குறைய அதே தொகைதான். ஆஸ்பத்திரிச் செலவை அதில் சேர்க்கவில்லை.

தை இரண்டாம் வாரம் அக்கா வீட்டுச் சரிவை உடைக்கப்போகிறேன். களியை எடுத்து, கிராவல் நிரப்பி, கால் இறக்கி, போர்டிகோவுக்குள் நீட்டி, படியும் கைப்பிடியும் வைத்து, மேலே மீன் முள் வரி போடுவதாகத் திட்டம். இந்த வேலைக்கு இரண்டு கொத்தனாரும் மூன்று சித்தாளும் வேண்டும், முழுக் கூலி. மற்றவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தவறு இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். நிலைப்படியில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களுக்கு டீ போடச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன், ஒரு கொத்தனாரின் மகன்
சேத்தியாத்தோப்பு, மார்கழி